அசையாமல் கிடக்கும் குழந்தைக்கு வலிக்காதா?

அக்கா மகளுக்கு அப்போது மூன்றரை வயது. கட்டிலிலிருந்து குதித்தவள், கீழே இருந்த ட்ரங்குப் பெட்டியின் விளிம்பில் மோவாய் இடித்து, பிளந்துகொண்டாள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நாலு தையல். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை, அன்று அங்கே நடந்தது எங்கேயும் நடப்பதுதான். "பாப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றார் சிஸ்டர். அப்புறம் ஒரு பெட்ஷீட்டை விரித்து, கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி சப்பாத்தி ரோல் மாதிரி அவளைச் சுற்றினார்கள். தலையை வார்டு பாய் பிடித்துக்கொண்டார், இடுப்பை அக்கா, கால்களை நான். மரத்துப்போகிற ஊசி உள்ளே போனபோது அவள் கத்திய கத்தல் வெளியே பார்மசி வரைக்கும் கேட்டதாக மாமா சொன்னார். மூன்றாவது தையலில் சத்தம் நின்றது. "பாத்தீங்களா, சமத்துப் பொண்ணு, வலி போயிடுச்சு" என்றார் டியூட்டி டாக்டர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் பிடியில் இருந்த பாதங்களில் பத்து விரல்களும் உள்பக்கம் மடங்கிக் கல் மாதிரி இறுகிக் கிடந்ததை, வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

தையல் போடுகிறவருக்கு வேண்டியது அசையாத மோவாய். அவளுக்கு வேண்டியது வலிக்காத மோவாய். முதலாவது கிடைத்துவிட்டால் இரண்டாவதும் கிடைத்த மாதிரிதான் என்று எல்லோருமே, பெற்றவர்கள் உட்பட, எடுத்துக்கொள்கிறோம். குழந்தைகளுக்கான வலி மருத்துவத்தின் கடந்த நாற்பது வருடக் கதையைப் படித்துக்கொண்டு போனால், பெரிய தப்புகள் பலவும் இந்த ஒரே இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

நம்முடைய பேச்சுமொழியும் இதற்கு உடந்தை. பல் பிடுங்கும்போது ஈறில் போடுவதும் 'மயக்க ஊசி', ஸ்கேனுக்கு முன்னால் கொடுக்கிற சிரப்பும் 'மயக்க மருந்து', ஆபரேஷன் தியேட்டரில் முகத்தில் வைக்கிற வாயுவும் அதேதான். ஆனால் அங்கே குறைந்தது மூன்று வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன. வலியைக் குறைப்பது ஒன்று. பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைப்பது இன்னொன்று. தசைகளை இயங்கவிடாமல் செய்வது மூன்றாவது. சில மருந்துகள் இதில் ஒரு வேலையை மட்டும்தான் செய்யும். மிடசோலம் என்கிற மருந்தைக் கொடுத்தால் குழந்தை சொக்கிப்போகும், பிறகு நடந்தது ஞாபகமிருக்காது, ஆனால் அது வலியைத் தொடவே தொடாது. அதை மட்டும் கொடுத்துவிட்டு எலும்பைச் சரிசெய்தால், அந்த வலி முழுசாக அங்கேயேதான் இருக்கும். எதிர்க்கிற தெம்புதான் போயிருக்கும்.

மூன்றாவது வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் வெளியே வந்தது. 1985-இல் வாஷிங்டனில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதயத்தின் பக்கத்தில் மூடாமல் இருந்த ரத்தக்குழாயைக் கட்டும் அறுவை சிகிச்சை செய்தார்கள். நெஞ்சைக் கிழித்து, விலா எலும்புகளை விலக்கிச் செய்கிற வேலை. அந்தக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது பான்குரோனியம் மட்டும். அது தசைகளைச் செயலிழக்கவைக்கும் மருந்து, வலியையோ நினைவையோ அது போக்காது. குழந்தையால் கையை அசைக்க முடியாது, அழ முடியாது. சில வாரங்களில் அந்தக் குழந்தை இறந்துபோனது. பிறகு அம்மா விவரம் கேட்டபோது, குறைமாதக் குழந்தைகளுக்கு வலி தெரியும் என்று யாரும் நிரூபித்ததில்லையே என்ற பதில்தான் கிடைத்தது. அவர் விடவில்லை. கடிதம் மேல் கடிதமாக எழுதினார், 1986-இல் அது செய்தித்தாள்களில் வந்தது, அமெரிக்கா அதிர்ந்தது.

இதை ஒரு மருத்துவரின் கொடூரம் என்று எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடாது. அந்தக் காலத்தில் பல நல்ல மருத்துவமனைகளில் அதுதான் வழக்கம். காரணங்களும் அன்றைக்கு நியாயமாகத்தான் தெரிந்தன. பச்சைக் குழந்தையின் நரம்புகளுக்கு மேலுறை இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது, அதனால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது என்றார்கள். 1940-களில் பச்சைக் குழந்தைகளை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, அது வெறும் அனிச்சை அசைவு என்று எழுதிவைத்ததும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம்: இத்துனூண்டு உடம்பு, மயக்க மருந்து கொடுத்தால் தாங்குமா? அந்தப் பயம் பொய்யில்லை, அப்போது இருந்த மருந்துகளும் கருவிகளும் அப்படி. ஆனால் மேலுறை வாதம் சுத்தமாகத் தப்பு. மந்தமான, நீடிக்கிற வலியைக் கடத்துகிற மெல்லிய நரம்பிழைகளுக்குப் பெரியவர்களிடமும் மேலுறை கிடையாது, உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் வலி போகிறது. இன்னொன்று, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலியைக் கொஞ்சம் அமுக்கிவைக்கும் பாதை ஒன்று உண்டு. அது குறைமாதக் குழந்தைக்கு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. வலி வந்துசேரும் பாதை தயார், தணிக்கும் பாதை தயாரில்லை. அப்படியானால் நம்மைவிட அதற்குக் கூடுதலாகக்கூட வலிக்கலாம்.

இதை மாற்றியதில் பெரும் பங்கு கன்வல்ஜீத் ஆனந்த் என்பவருடையது. இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர். அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும்போது, ஓரளவு தேறியிருந்த குழந்தைகள் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பும்போது வெளிறி, நாடி தளர்ந்து, மோசமான நிலையில் வருவதைக் கவனித்தார். அழாத, அசையாத குழந்தையிடம் வலியைக் கேட்பது எப்படி? ரத்தத்திடம் கேட்டார். எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கப்படி நைட்ரஸ் ஆக்ஸைடு என்கிற லேசான மயக்க வாயுவும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஃபென்டனில் என்கிற வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுத்து, ரத்தத்தில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களை அளந்தார். ஃபென்டனில் இல்லாத குழந்தைகளின் உடம்பு உள்ளுக்குள் அலறிக்கொண்டிருந்தது, ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். 1987-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. அதே வருடம் அமெரிக்கக் குழந்தைமருத்துவ அகாடமி, வயதையோ குறைமாதத்தையோ மட்டும் காரணம் காட்டி மயக்க மருந்தை மறுக்கக் கூடாது என்று அறிவித்தது. பிறகு பாஸ்டனில் அவரே சேர்ந்து செய்த ஒரு ஆய்வு 1992-இல் வந்தது: இதய அறுவை சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகளில், ஃபென்டனில் வகையைச் சேர்ந்த சூஃபென்டனில் என்கிற வலிநிவாரணி அதிக அளவில் கொடுக்கப்பட்ட 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, மேலோட்டமான மயக்கம் மட்டும் பெற்ற 15 பேரில் 4 பேர் இறந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் 'தாங்குமா' என்ற பழைய கேள்வி அதோடு தலைகீழாகிவிட்டது. வலிநிவாரணியைத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வலியைத் தாங்குமா என்று கேட்க வேண்டியதாயிற்று.

பேசத் தெரிந்த குழந்தைகளின் நிலை மட்டும் நன்றாக இருந்ததா என்றால் இல்லை. 1977-இல் இரண்டு செவிலியர் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்த 25 குழந்தைகளில் 13 பேருக்கு ஒரு வேளை வலி மருந்துகூடப் போகவில்லை. மீதி 12 பேருக்கும் சேர்த்து மொத்தம் 24 வேளை. அதே மாதிரியான நோய்க்கு வந்த 18 பெரியவர்களுக்கு 671 வேளை.

குழந்தைகள் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதில்லை. ஏன் கேட்பதில்லை? வார்டில் ஒரு வாரம் துணைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். "வலிக்குதா கண்ணு?" என்று சிஸ்டர் கேட்டால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு "இல்ல" என்று தலையாட்டும். வலிக்குது என்று சொன்னால் ஊசி வரும் என்பது அதற்கு அத்துப்படி. 'சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போடுவார்' என்று வீட்டில் நாமே சொல்லி வளர்த்ததுதானே. அதனால்தான் இப்போது பார்த்து அளக்கிற முறைகள் வந்திருக்கின்றன. 1997-இல் மிச்சிகனில் உருவான 'ஃப்ளாக்' அளவுகோல் அதில் ரொம்ப எளிது, எழுதப்படிக்கத் தெரிந்த எந்த அம்மாவும் கற்றுக்கொள்ளலாம். முகம், கால்கள், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10. கால்களுக்கு ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்: தளர்ந்து கிடந்தால் 0, இறுகியிருந்தால் 1, உதைத்தாலோ மடக்கி இழுத்துக்கொண்டாலோ 2. அக்கா மகள் விஷயத்தில் என் கையிலேயே மதிப்பெண் இருந்திருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. மூன்று நான்கு வயதுக்கு மேல் போனால் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, எது உன்னுடையது என்று கேட்கலாம். பேச முடியாத, மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கு அம்மா சொல்வதுதான் அளவுகோல். வலித்தால் காதைப் பிடித்து இழுப்பான் என்று அம்மா சொன்னால் கேஸ் ஷீட்டில் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

சரி, ஊசிக்கு வருவோம். பெரிய ஆபரேஷன் எல்லாக் குழந்தைக்கும் வராது, ஊசி எல்லோருக்கும் வரும். தடுப்பூசி, ரத்தம் எடுப்பது, ட்ரிப்ஸுக்காக வென்ஃப்ளான் என்கிற சின்னக் குழாயைக் குத்துவது. நரம்பு கிடைக்கவில்லை என்று புறங்கை, முழங்கை மடிப்பு, கால் என்று ஒவ்வொரு இடமாகத் தேடும்போது வாசலில் நிற்கும் தாத்தாக்களுக்குத் தலைசுற்றல் வந்துவிடும். இதற்குச் செய்யக்கூடியவை பெரும்பாலும் காசில்லாதவை. தாய்ப்பால் குடிக்கிற குழந்தையென்றால் ஊசிக்கு ஒரு நிமிடம் முன்னால் தொடங்கி, முடிந்த பிறகும் குடித்துக்கொண்டிருக்கட்டும். கொஞ்சம் பெரிய பிள்ளையைப் படுக்கப்போட்டு அமுக்கக் கூடாது. மடியில் நெஞ்சோடு சாய்த்து உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். பிடிப்பது அதே பிடிதான், அணைப்பு மாதிரி இருக்கும், அவ்வளவே வித்தியாசம். படுக்கவைத்து நாலு பேர் மேலே குனிந்தால் எனக்கே பயமாக இருக்கும். லிக்னோகெயினும் பிரைலோகெயினும் கலந்த களிம்பு ஒன்று இருக்கிறது, தடவி மேலே ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால் தோல் மரத்துவிடும். பிளந்த புண்ணில் தடவுகிற மருந்து இல்லை அது, முழுத் தோலுக்கு மட்டும். அந்த ஒரு மணி நேரம்தான் இங்கே பிரச்சனை. நெரிசலான வார்டில் யார் முன்கூட்டியே வந்து தடவுவது? காலையில் ரத்தம் எடுப்பார்கள் என்று முதல்நாள் ராத்திரியே தெரிந்தால், பெற்றவர்களே கேட்டு வாங்கிவைத்து, காலையில் ஒரு மணி நேரம் முன்னால் தடவிவிடலாம் என்பது என் யோசனை. மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு மட்டும் அளவு விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, அதிகமானால் ரத்தம் ஆக்ஸிஜனைக் கொண்டுபோகிற திறனை அது கெடுக்கும்.

தையலுக்கான ஊசியிலும் நுட்பம் உண்டு. அந்த மரத்துப்போகிற ஊசியில் இருக்கும் லிக்னோகெயின் அமிலத்தன்மை உள்ளது, அந்த எரிச்சல்தான் அந்தக் கத்தலில் பாதி. பத்துப் பங்குக்கு ஒரு பங்கு சோடா பைகார்ப் கலந்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய ஊசியில் மெதுவாக, தோலின் மேலே குத்தாமல் புண்ணின் உள்விளிம்பு வழியாகச் செலுத்தினால் எரிச்சல் நன்றாகக் குறையும். பிறகு மரத்துப்போக இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்தக் காத்திருப்பு நடக்கவில்லை.

சர்க்கரைத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த சிக்கல் அது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று பாட்டிகள் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டுவைப்பதைத் திட்டித் திட்டி நிறுத்திய அதே மருத்துவம், பச்சிளங்குழந்தைப் பிரிவில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலை நாக்கு நுனியில் சில சொட்டு விடுகிறது. அழுகை குறைகிறது, முகம் சுளிப்பது குறைகிறது, இதற்கு ஏராளமான ஆய்வுகள் இருக்கின்றன. 2010-இல் லண்டனில் ஒரு குழு அதே குத்தலின்போது குழந்தையின் மூளை அலைகளையும் சேர்த்து அளந்தது. சர்க்கரை கிடைத்த குழந்தைகளின் முகம் அமைதியாக இருந்தது. மூளையில் வலிக்கான சமிக்ஞை, சர்க்கரை கிடைக்காத குழந்தைகளுக்கு இருந்ததைவிடக் குறைவாக இல்லை. அப்படியானால் சர்க்கரை வலியைக் குறைக்கிறதா, முகத்தை மட்டும் மாற்றுகிறதா? இதில் சண்டை இன்னும் ஓயவில்லை. மூளை அலை ஒன்றை வைத்து மட்டும் வலியை முடிவுகட்ட முடியாது என்கிறவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் சர்க்கரை கொடுக்கலாம், கூடவே அம்மாவின் நெஞ்சுச் சூடும் இருக்கட்டும், ஆனால் ஒரே நாளில் பத்துத் தடவை குதிகாலில் குத்துவதற்கு அதை அனுமதிச் சீட்டாக வைத்துக்கொள்ளக் கூடாது. பத்து டெஸ்டையும் இரண்டு குத்தில் முடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் வலிநிவாரணி.

மருந்துகளுக்குப் போனால், பாரசிட்டமால்தான் அஸ்திவாரம். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாலிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி. இங்கே ஆபத்து பாட்டிலில் இருக்கிறது. சொட்டு மருந்தென்றால் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப்பென்றால் 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு பாட்டிலில் அதே 5 மில்லிக்கு 250. "அரை மூடி குடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வது எந்தப் பாட்டிலை நினைத்து என்று யாருக்குத் தெரியும்? எடையும் பாட்டில் மேலே போட்டிருக்கும் எண்ணும் தெரியாமல் மில்லிக் கணக்கு பேசக் கூடாது. அடுத்தது ஐபுப்ரோஃபென், நல்ல மருந்து, ஆனால் உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும் பிள்ளைக்கும் டெங்கு சந்தேகம் இருக்கும்போதும் வேண்டாம். ஆஸ்பிரின், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேஸ் நோய்க்குறி என்ற ஆபத்தால், தனிக் காரணம் இல்லாமல் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. நிமிசுலைடு என்கிற காய்ச்சல், வலி மருந்தை 12 வயதுக்குக் கீழே கொடுக்க 2011-இல் இந்தியா தடை போட்டுவிட்டது, பழைய பாட்டில் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடுங்கள்.

மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்த கோடீன் என்கிற வலிநிவாரணியின் கதை விசித்திரமானது. 'மார்ஃபின் பயங்கரம், கோடீன் சாது' என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் கோடீன் கல்லீரலுக்குள் போய் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. எவ்வளவு மாறும் என்பது ஆளுக்கு ஆள் மரபணுவில் மாறும். சிலருக்கு மாறவே மாறாது, அந்தப் பிள்ளை வலியில் துடிக்கும். சிலருக்கு மளமளவென்று மாறும். டான்சில் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போன சில குழந்தைகள் வழக்கமான அளவு கோடீனிலேயே ராத்திரித் தூக்கத்தில் மூச்சு நின்று இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் குழந்தைகளுக்கான 'வலிப் படிக்கட்டி'லிருந்து, அதாவது வலி கூடக்கூட எந்த மருந்து என்று சொல்லும் வரிசையிலிருந்து, கோடீனை எடுத்தது, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல் கடும் எச்சரிக்கை போட்டு, 2017-இல் 12 வயதுக்குக் கீழே கோடீனும், அதே மாதிரியான இன்னொரு வலிநிவாரணியான டிராமடாலும் கூடாது என்றது. 'சாது' போய், அளவை நம்பிக் கணக்கிட முடிகிற மார்ஃபினே பாதுகாப்பானதாக முடிந்தது.

அந்த மார்ஃபின் இங்கே கிடைக்கிறதா? ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிடுகிறோம், நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன, பல காலம் உலகத்துக்கே அனுப்பினோம். ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க அடுக்கடுக்காக உரிமம் எடுக்க வேண்டியதாகி, பலர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையில் தொடாமலே படித்து முடித்தார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே உரிமம் போதும் என்றானது. சட்டம் தளர்ந்த அளவுக்குக் கைகள் தளரவில்லை. புற்றுநோய் வார்டில் ஒரு பிள்ளைக்கு மார்ஃபின் எழுதினால், "அடிமையாகிடுவானா சார்?" என்றுதான் அப்பா முதலில் கேட்கிறார். உடம்பு பழகிக்கொள்வது வேறு, அடிமையாவது வேறு. பழக்கத்தை மெல்ல மெல்ல அளவைக் குறைத்து விடுவிக்கலாம்.

இனி, தூங்கவைக்கிற சமாச்சாரம். எம்ஆர்ஐ, எக்கோ, மூளை அலைப் பரிசோதனை என்றால் வலியே கிடையாது, அசையாமல் இருந்தால் போதும். நம் ஊரில் இதற்கு முக்கால்வாசி இடங்களில் ட்ரைக்ளோஃபாஸ் சிரப்தான். கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதாவது 12 கிலோ பிள்ளைக்கு 600 மில்லிகிராம், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் தூங்கும். ராத்திரி லேட்டாகத் தூங்கவைத்து விடிகாலையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். தூங்கினபாடில்லை என்று இன்னொரு மூடி, மெஷினுக்குள் போனதும் முழித்துக்கொள்ள, அப்புறம் வேறொரு மருந்து. ஆபத்து இந்த 'அப்புறம்' என்ற இடத்தில்தான் நுழையும். சார்ல்ஸ் கோட்டே என்ற மயக்கவியல் நிபுணரும் கூட்டாளிகளும் 2000-இல், தூக்க மருந்தால் குழந்தைகளுக்கு நேர்ந்த 95 விபரீதங்களை எடுத்து ஒவ்வொன்றாக அலசினார்கள், அவற்றில் 51 குழந்தைகள் இறந்திருந்தார்கள். இன்ன மருந்து கெட்டது என்று விரல் நீட்ட முடியவில்லை. திரும்பத் திரும்ப வந்தவை வேறு காரணங்கள்: இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தது, வீட்டிலேயே கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தது, கண்காணிக்கத் தனி ஆள் இல்லாதது, மூச்சு நின்றால் மீட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாதது, முழுசாகத் தெளியுமுன் அனுப்பியது.

லேசான சொக்கலுக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே சுவர் கிடையாது, அது ஒரு சரிவு. பெரியவர்கள் சரிவில் மெதுவாக இறங்குவார்கள், குழந்தை சறுக்கிவிடும். நாக்கு பெரிது, மூச்சுக்குழாய் சிறிது, ஆக்ஸிஜன் கையிருப்பு கொஞ்சம். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல காவலாளிதான், ஆனால் கொஞ்சம் தாமதமாகக் கத்துவான், அதுவும் குழந்தைக்கு ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தால் மூச்சு நின்று சற்று நேரம் கழித்துத்தான் எண் இறங்கும். வெளிமூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவி உடனே காட்டிவிடும். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது மருந்தின் பெயரை மட்டும் இல்லை: "ஸ்கேன் முடியற வரைக்கும் பிள்ளையையே பாத்துட்டு இருக்கப்போறது யாருங்க?"

வலிக்கிற வேலையென்றால், எலும்பைச் சரிசெய்வது, தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது மாதிரி, கெட்டமின் என்கிற மயக்க மருந்து இன்னும் ராஜா. 1970-இலிருந்து மருத்துவத்தில் இருக்கிறது, விலை குறைவு, வலியையும் போக்கும், மூச்சையும் பெரும்பாலும் கெடுக்காது. ஒரே ஒரு விஷயம், கண் திறந்தபடி இருக்கும், பாப்பா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி கிடக்கும், முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா மயங்கி விழுந்துவிடுவார். இங்கே கதை தலைகீழ்: கண் விழித்திருக்கிறது, வலி இல்லை.

மயக்க மருந்துக்கு முன்னால் போடுகிற பட்டினி விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2 என்பதுதான் வழக்கமான கணக்கு, ஐரோப்பாவில் தண்ணீருக்கு 1 மணி நேரம் என்றே குறைத்துவிட்டார்கள். நம்மிடம் 'ராத்திரி 10 மணிக்கு மேல எதுவும் குடுக்காதீங்க' என்ற ஒரே வாக்கியம்தான் எல்லோருக்கும். லிஸ்டில் நாலாவது பெயர், தியேட்டர் கூப்பிடும்போது மணி 12. பதினாலு மணி நேரம் காய்ந்த பிள்ளைக்கு நரம்பும் கிடைக்காது, பிறகு நாலு குத்து. எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள், எத்தனை மணி வரைக்கும் தண்ணீர் கொடுக்கலாம் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மயக்க மருந்தால் மூளை பாதிக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2016-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ கொடுப்பதில் எச்சரிக்கை போட்டது உண்மை. 2019-இல் வந்த, பல நாடுகளில் நடந்த ஆய்வில், கைக்குழந்தையாக ஒரே தடவை ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகப் பெற்றவர்களுக்கு ஐந்து வயதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. குடலிறக்கம் மாதிரி சின்ன ஆபரேஷனுக்கு நடுங்க வேண்டியதில்லை.

ஐசியூ ஒரு தனி உலகம். வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு நாள்கணக்கில் வலிநிவாரணியும் தூக்க மருந்தும் சொட்டுச் சொட்டாக ஓடும். ஐந்து நாளைத் தாண்டிவிட்டால் சட்டென்று நிறுத்த முடியாது, நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, கொட்டாவி, எதிலும் அடங்காத அழுகை. குழாயை எடுத்த சந்தோஷத்தில் இருக்கும் பெற்றோர் இதைப் புது நோய் என்று நினைத்துப் பதறுவார்கள். இன்னொன்று, சித்தம் கலங்கிப்போவது. கத்திக்கொண்டு குழாயைப் பிடுங்குகிற பிள்ளையை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். யாரையும் பார்க்காமல், கூப்பிட்டால் திரும்பாமல், சும்மா கிடக்கிற பிள்ளையைத்தான் விட்டுவிடுவோம், "தொந்தரவே இல்ல, நல்லா ரெஸ்ட் எடுக்கறான்" என்று. அதுவும் அதே கலக்கம்தான், அமைதியான வகை. என் கண்ணைப் பார்க்கவே மாட்டேங்கறான் என்று அம்மா சொன்னால் ஐசியூ டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தை ராத்திரி குறைப்பது, அம்மாவைப் பக்கத்தில் விடுவது, மிடசோலத்தைக் குறைப்பது ஆகியவை இதற்கு மருந்து. பார்வையாளர் நேரம் மாலை 5 முதல் 6 வரை என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்தில் இரண்டாவது நடக்காது.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தோடு முடிக்கிறேன், அந்த 95 பேரில் சிலர் திரும்பிப் போகிற வழியில்தான் போனார்கள். ட்ரைக்ளோஃபாஸ் போன்ற மருந்து உடம்பில் மணிக்கணக்காகத் தங்கும். ஸ்கேன் முடிந்து, கண்ணைத் திறந்து ஒரு தடவை "அம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டது என்றால் அது தெளிந்ததாகாது. உட்காரவைத்தால் தலை நிற்க வேண்டும், யாரும் சீண்டாமல் கொஞ்ச நேரமாவது தானாகவே விழித்திருக்க வேண்டும், கொஞ்சம் தண்ணீர் குடித்துப் புரையேறாமல் இருக்க வேண்டும். அப்படியிருந்தாலும் அன்றைக்கு பைக் வேண்டாம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் செருகி உட்காரவைத்தால் தலை முன்னால் சாய்ந்து மோவாய் நெஞ்சில் அழுந்தும், மூச்சுப் பாதை அடைபடும், ட்ராஃபிக் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. ஆட்டோ பிடியுங்கள். மடியில் சாய்த்துப் படுக்கவைத்து, கழுத்து மடங்காமல் ஒரு கை தோளுக்கு அடியில் இருக்கட்டும், வீடு வரும்வரை போனை எடுக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு வாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது தெரிய, சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிடுங்கள்.